ஓபிடி அடாப்டர் வாங்கும்முன்

நெட்டப்பாக்கத்தில் இருந்துகொண்டு கார் வைத்திருப்பவருக்கு மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கேன் போட வில்லியனூருக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டும். காரின் ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் அமைப்பு) சாக்கெட்டில் மாட்டி, போனோடு சேரும் அடாப்டரை நான் வாங்கியது அந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான்.

முதலில் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குச் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோனுக்கு அது சேராது. வைஃபை அல்லது ப்ளூடூத் எல்ஈ வகை வேண்டும். வைஃபை வகையில் ஒரு தொல்லை: அடாப்டரோடு இணைந்திருக்கும்போது பல போன்களில் நெட் நின்றுவிடும், போன் ஆப்பில் வந்த கோளாறுக் கோடுக்கு (code) என்ன அர்த்தம் என்று தேட முடியாது.

இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டி என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தும் ஆப்புக்குப் பதில் வராமல் போகலாம். மலிவு அடாப்டர்களில் இருப்பவை பெரும்பாலும் கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இஎல்எம்327 சிப்பின் நகல்கள். அட்டையில் போட்டிருக்கும் வெர்ஷன் எண்ணை நான் நம்புவதில்லை. திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்கி, அன்றே சொந்த வண்டியில் மாட்டிப் பார்ப்பது மேல். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள்.

சாவியை எடுத்தாலும் 16ஆவது பின்னில் பேட்டரி கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். கரும்பு வெட்டு நேரத்தில் என் கார் நாள்கணக்கில் கொட்டகையில்தான் கிடக்கும். அடாப்டர் பேட்டரியைக் குடித்துவிடாமல் இருக்க, வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவேன்.

அடாப்டரின் உண்மையான பயன் பழைய கார் வாங்கும்போதுதான் தெரியும். மாமாவுக்காக மடுகரையில் ஒரு வண்டி பார்த்தோம். கோடு ஒன்றுமே இல்லை. ஆனால் ஆப்பின் ‘ரெடினஸ்’ பக்கத்தில் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் முடியவில்லை என்றிருந்தது. கோடை அழித்தால் இவை முதலிலிருந்து தொடங்கும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் அப்படித்தான்.

“பேட்டரி மாத்துனோம்ணே” என்றார் விற்பவர். இருக்கலாம். “நாலு நாள் ஓட்டுங்க தம்பி, அப்புறம் பார்க்கலாம்” என்று மாமா கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை மாட்டியபோது பி0420 வந்தது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் கோடு அது. அதற்காகக் கன்வெர்ட்டரே போய்விட்டதாக அர்த்தமில்லை. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், சென்சார் கெட்டாலும் வரும். மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, ஆகும் செலவைக் கழித்துத்தான் மாமா விலை பேசினார்.