கம்பியின் கோடியில் ஒரு தடை



பொன்முடி அடிவாரத்தில், இந்த வித்துராவில் படிப்போருக்கு ஐப்பசி மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. பிற்பகலில் மேகம் இறங்கினால் இடியும் மின்னலும் இரவுவரை ஓய்வதில்லை. சென்ற ஆண்டு அத்தகைய இரவொன்றில், தோழி ஒருத்தியின் ஆய்வுக்காகச் சரிவில் நட்டிருந்த ஐந்து வெப்ப அளவிகளின் பதினொரு மணி நேரக் கணக்கு பாழாயிற்று. பழியை மின்னல்மேல் போட்டுவிடலாம். ஆனால் குற்றம் என்னுடையது.

அளவிகள் ஐந்தும் 60 மீட்டர் நீளமுள்ள முறுக்கிய இரட்டைக் கம்பி ஒன்றில் இணைந்திருந்தன. 1983இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆர்.எஸ்.485 என்னும் முறை அது. இதில் செய்தி இருப்பது இரு கம்பிகளின் மின்னழுத்த வேறுபாட்டில். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குவதால், கழித்துப் பார்க்கையில் பெரும்பாலும் மறைந்துபோகும். வேறுபாடு 0.2 வோல்ட்டுக்கு மேலாயின் 'ஒன்று'. எதிர்ப்புறம் அவ்வளவாயின் 'சுழி'. இடைப்பட்டதை ஏற்கும் கருவி எப்படிக் கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை உதறிப் பாருங்கள். அலை சுவர்வரை சென்று, தலைகீழாகத் திரும்பி வரும். கம்பியில் ஓடும் மின்னலையும் கோடியை அடைந்ததும் இப்படியே எதிரொலிக்கிறது. அந்தக் கம்பிக்கு இயல்பாயுள்ள தடைக்குச் சமமான தடையொன்றை, சுமார் 120 ஓம், கோடியில் வைத்தால் அலை அங்கேயே அடங்கிவிடும். இதற்கு முனைத்தடை என்று பெயர். புத்தகத்தில் இதைப் படித்த உற்சாகத்தில் அன்று மாலை இரு கோடிகளிலும் ஒவ்வொன்றை முறுக்கிவிட்டு உறங்கப் போனேன்.

காலையில் கணினி நிறையக் குப்பை எழுத்துகள்! சரிபார்ப்பு எண் பொருந்தாமல் விடைகளெல்லாம் தள்ளுபடி. ஆய்வுக்கூடத்துச் சேட்டன் ஒருவர் வந்து பார்த்து, ஒன்றே ஒன்று கேட்டார்: "யாரும் பேசாதபோது வயரில் என்ன இருக்கும்?"

நான் விழித்தேன். அனுப்பும் கருவிகள் யாவும் வாய்மூடியிருக்கையில் கம்பியை எவரும் பிடித்திருப்பதில்லை. அப்போது அது 'ஒன்று' என்ற நிலையில் நிற்பதற்காக, ஒரு கம்பியை 5 வோல்ட்டுக்கும் மற்றதைத் தரைக்கும் மெல்ல இழுத்து வைக்கும் இரண்டு தடைகள் உண்டு. பயாஸ் தடைகள் என்பர். எங்கள் கருவியில் அவை ஒவ்வொன்றும் 4700 ஓம். முனைத்தடை இல்லாதவரை அது தாராளமாகப் போதும். வேறுபாடு ஒரு வோல்ட்டுக்கு மேல் நின்றது. நான் வைத்த 120 ஓம் இரண்டும் சேர்ந்து, இரு கம்பிகளுக்கும் நடுவே 60 ஓம் ஆகிவிட்டன. கணக்கைப் பாருங்கள்: 5 × 60 ÷ (4700 + 4700 + 60). விடை 0.03 வோல்ட்! வேண்டியதோ 0.2. சிறு இரைச்சல் வந்தாலும், ஏதோ எழுத்து தொடங்கிவிட்டதென்று ஏற்கும் கருவி ஏமாந்துபோகும்.

ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து மற்றொன்றை வருவித்தது. அந்த முதல் நோயாவது எனக்கு இருந்ததா? கம்பியில் அலை ஒரு மீட்டர் செல்ல ஏறக்குறைய 5 நானோ நொடி ஆகும். 60 மீட்டர் போய்த் திரும்ப 0.6 மைக்ரோ நொடி. நாங்கள் அனுப்பியதோ நொடிக்கு 9600 துடிப்பு. ஒவ்வொன்றும் 104 மைக்ரோ நொடி நீடிக்கும். ஏற்கும் கருவி துடிப்பின் நடுவில் பார்ப்பதற்குள் எதிரொலி எப்போதோ அடங்கிவிட்டிருக்கும். நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு அனுப்பியிருந்தால் முனைத்தடை இன்றியமையாதது. எனக்கு அது வீண் அலங்காரம்.

வேகத்தைக் கூட்ட வேண்டிவரின், முனைத்தடையை வைத்துக்கொண்டே பயாஸ் தடைகளை 560 ஓமாகக் குறைக்கலாம், 0.25 வோல்ட் கிடைக்கும். அவற்றை ஒரே இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். வேறுபாடே இல்லாத கம்பியையும் 'ஒன்று' என்றே கொள்ளும் ஏற்பிகளும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. என் கையில் அவை இல்லை. இரண்டு 120 ஓம் தடைகளையும் கழற்றி மேசையில் வைத்தேன். அன்றிரவும் இடி இடித்தது, கணக்கு ஒழுங்காய் வந்தது. தோழிக்கு மட்டும் அந்தப் பதினொரு மணி நேரம் இன்னும் ஆறவில்லை.