கல் சொல்லும் கதை – பொட்சுவோலித் துறைமுக நகரம்

உரோமப் பேரரசு என்றதும் உரோம் நகரமும், எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றோடு சேர்த்து நாம் அறிந்திருக்க வேண்டிய நகரம் ஒன்று இத்தாலியின் மேற்குக் கரையிலே உள்ளது. அதன் பெயர் பொட்சுவோலி. நேப்பிள்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் மேற்கே அமைந்துள்ள இந்நகருக்குப் புகையிரதத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அங்கு காணத்தக்கவை எவை, அவற்றிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நகரின் தோற்றம்

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சாமோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் இங்கு குடியேறினர். தம் ஊருக்கு அவர்கள் "நீதியின் ஆட்சி" எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். கி.மு. 194 இல் உரோமர் இதனைத் தமது குடியேற்ற நகராக்கிப் "புத்தேயோலி" என அழைத்தனர். அப்பெயரே மருவி இன்றைய பெயராயிற்று.

உரோம் நகருக்கு அருகில் பெருங்கப்பல்கள் தங்கக்கூடிய துறைமுகம் அக்காலத்தில் இருக்கவில்லை. ஆகவே எகிப்தின் தானியக் கப்பல்கள் இங்கேயே வந்து நின்றன. அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல்கள் வருவதைக் காண ஊர்மக்கள் கரையிலே திரள்வர் என உரோம அறிஞர் செனெக்கா எழுதியுள்ளார். செங்கடல் வழியாக எகிப்தை அடைந்த மிளகு முதலிய கீழ்த்திசைப் பொருள்களும் அலெக்சாந்திரியாவிலிருந்தே இத்தாலிக்குக் கப்பலேறின. நம் சங்க நூல்கள் கூறும் யவனர் வாணிகத்தின் மறுகரை இத்தகைய துறைமுகங்களே.

தூண்கள் தரும் பாடம்

இன்றைய நகரின் நடுவே, கடலுக்கு அண்மையில், பழைய அங்காடி ஒன்றின் இடிபாடுகள் உள்ளன. 1750 ஆம் ஆண்டளவில் தோண்டியபோது சேராப்பிஸ் என்னும் தெய்வத்தின் சிலை கிடைத்தமையால், இதனை நெடுங்காலம் கோயில் என்றே எண்ணினர். இங்கு மூன்று பளிங்குத் தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடிப்பகுதி ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரம் வரை வழுவழுப்பாக உள்ளது. அதற்கு மேலே ஏறத்தாழ இரண்டரை மீற்றருக்குச் சிறு துளைகள் நிறைந்துள்ளன.

அத்துளைகளை இட்டது மனிதர் அல்லர். கல்லைத் துளைத்து வாழும் ஒருவகைக் கடற்சிப்பி. அது கடல்நீருக்குள்ளே மட்டுமே வாழும். எனவே இத்தூண்கள் ஒருகாலத்தில் நின்ற நிலையிலேயே கடலுள் அமிழ்ந்து, பின் மீண்டும் எழுந்திருத்தல் வேண்டும். அடிப்பகுதி அப்போது மண்ணில் புதைந்திருந்தமையால் சிப்பிகள் அதனைத் தொடவில்லை. 1828 இல் இங்கு வந்த சார்ள்ஸ் லயல் என்னும் புவியியல் அறிஞர், இத்தூண்களின் படத்தை 1830 இல் வெளியான தமது நூலின் முகப்பிலே அமைத்தார். நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தும் தாழ்ந்தும் மாறக்கூடும் என்பதற்கு அவர் காட்டிய சான்று இதுவே.

இந்நகரம் பிளெக்ரேயன் வயல்கள் என்னும் பேரெரிமலைப் பள்ளத்தினுள் அமைந்துள்ளது. நிலத்தடி வெப்பமும் அங்கு அடைபட்ட வளிமங்களும் நீரும் நிலத்தை மேலே தள்ளுகின்றன. அழுத்தம் குறையும்போது நிலம் தாழ்கின்றது. 1538 இல் ஒரு வாரத்துக்குள் புதிய குன்று ஒன்றே இங்கு தோன்றியது. அதற்குப் "புதுமலை" என்றே பெயரிட்டனர்.

இந்த எரிமலை மண் துன்பம் மட்டும் தரவில்லை. இதனைச் சுண்ணாம்புடன் கலந்தால் நீருக்குள்ளேயும் கல்லாக இறுகும். இதனைக் கண்டறிந்த உரோமர், பலத்தீனத்திலே செசரேயா துறைமுகத்தைக் கட்டுவதற்கும் இம்மண்ணைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். இத்தகைய மண்ணுக்கு இன்றும் "பொட்சொலானா" என்று இவ்வூரின் பெயரே வழங்குகின்றது.

பிறநாட்டார் வாழ்ந்த ஊர்

துறைமுகம் இருந்தால் பல மொழியினரும் வந்து சேர்வர். அராபியப் பாலைவன வணிகரான நபத்தேயர் இங்கு தமக்கெனக் கோயில் அமைத்திருந்தனர். அது இப்போது கடலடியில் உள்ளது. அதன் பளிங்குப் பலிபீடங்கள் இரண்டு கண்டறியப்பட்ட செய்தி 2023 இல் வெளியிடப்பட்டது.

இன்றைய லெபனானிலுள்ள தயர் நகரத்து வணிகரும் இங்கு வாழ்ந்தனர். கி.பி. 174 இல் அவர்கள் தாயகத்துக்கு எழுதிய கிரேக்க மொழிக் கடிதம் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. "முன்னர் நாங்கள் பலராகவும் செல்வராகவும் இருந்தோம், இன்று சிலரே எஞ்சியுள்ளோம். முன்னோரின் தெய்வங்களுக்குச் செய்யும் வழிபாட்டுச் செலவுடன் மண்டப வாடகையையும் எங்களால் தாங்க இயலவில்லை" என்பதே அதன் சாரம். தயர் நகர சபை அதனை ஆராய்ந்தது. உரோமிலுள்ள தயர் வணிகர் இவர்களுக்கு உதவிவந்த வழக்கம் தொடர வேண்டும் என்ற கருத்துக்குச் சபையிலே ஆதரவு எழுந்தது. புலம்பெயர்ந்த ஒரு சிறு சமூகம் தன் வழிபாட்டையும் மண்டபத்தையும் காக்கப் பட்ட பாட்டை, ஏறத்தாழ 1,850 ஆண்டுகளுக்குப் பின்னரும் நாம் அறிய முடிகின்றது.

இலங்கையைப் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. அன்னியுஸ் புலோக்காமுஸ் என்பவர் செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் விடுதலையளித்த அடிமை ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் சென்றபோது, காற்றால் அடிபட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையை அடைந்தார் எனப் பிளினி எழுதுகின்றார். அவர் அங்கு ஆறு மாதம் தங்கி அந்நாட்டு மொழியைக் கற்றார். வெவ்வேறு அரசரின் உருவம் பொறித்த உரோம நாணயங்கள் யாவும் ஒரே எடை உடையனவாக இருத்தலைக் கண்டு வியந்த அரசன், கிளோடியஸ் பேரரசரிடம் தூதர் நால்வரை அனுப்பினான். புலோக்காமுஸின் அடிமையான லைசாஸ் என்பவர் கி.பி. 6 இல் தம் பெயரை எகிப்தியப் பாலைவழிப் பாறையொன்றில் பொறித்துள்ளார். அன்னியுஸ் குடும்பப் பெயரோ பொட்சுவோலியின் கல்வெட்டுகளில் வருகின்றது. நூலும் கல்லும் இவ்வாறு ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

ஊரைவிட்டுச் சென்றவர்கள்

கடலோரப் பாறைமீது "இரியோனே தெர்ரா" என்னும் பழைய குடியிருப்பு உள்ளது. அங்குள்ள பேராலயத்தில் 1964 இல் தீப்பற்றியது. எரிந்த சுவர்களுக்குப் பின்னே, அகஸ்தஸ் காலத்து உரோமக் கோயிலின் பளிங்குத் தூண்கள் வெளிப்பட்டன. கோயிலைச் சுற்றிச் சுவரெழுப்பியே பிற்காலத்தவர் ஆலயத்தைக் கட்டியிருந்தனர்.

1970 இல் நிலம் உயரத் தொடங்கியதும், இக்குடியிருப்பின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை நிலம் ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர்ந்தது. பல்லாயிரம் மக்கள் நகர நடுவிலிருந்து வேறிடங்களுக்குச் சென்றனர். உரோமத் தூண்களையும் உள்ளடக்கிப் புதுப்பிக்கப்பட்ட பேராலயம் 2014 இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2005 முதல் நிலம் மறுபடியும் உயர்ந்து வருகின்றது. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் வலிய நிலநடுக்கங்களும் ஏற்பட்டன. ஆதலால் அங்கு செல்வோர் எவ்விடங்கள் திறந்துள்ளன என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று. வெஸ்பாசியன் காலத்துப் பேரரங்கையும் தவறாது பார்த்தல் வேண்டும். அதன் நிலவறைகள் பெரும்பாலும் சிதையாதுள்ளன.

நாம் கற்பது

பொட்சுவோலியில் நிலமே நிலையாக இருக்கவில்லை. கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குச் சென்றன. தயர் வணிகரும் நபத்தேயரும் மறைந்தனர். ஆனால் எழுதி வைத்தவை எஞ்சின. வாடகைக்கு வழியின்றி வருந்திய அந்த வணிகர் எழுதாது விட்டிருப்பின், அவர்கள் துயரையும் பற்றையும் யார் அறிவார்? நாமும் பிறநாட்டிலே, வாடகை மண்டபங்களிலே, மொழியையும் வழிபாட்டையும் பேணுகின்றோம். யார் கூடினோம், எதைக் கற்பித்தோம், எவ்வாறு செலவைப் பகிர்ந்தோம் என்பவற்றை எழுதி வைப்பது நம் கடமையாகும். மாணவர்களே, உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் ஊரையும் பயணத்தையும் தமிழிலே எழுதத் தொடங்குங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தூண்களின் அடிப்பகுதியில் துளைகள் இல்லாமைக்குக் காரணம் யாது?
2. எரிமலை மண்ணால் உரோமர் பெற்ற பயன் என்ன?
3. தயர் வணிகரின் கடிதம் எதனை வேண்டி எழுதப்பட்டது?
4. உங்கள் குடும்பம் இந்நாட்டுக்கு வந்த வரலாற்றைப் பத்து வசனங்களில் எழுதுக.