எழுத்தா, எழுத்தின் படமா? திரையைப் பெரிதாக்கும் முன்

திரையில் எழுத்து சின்னதாக இருந்தால் பலர் முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில். அதை மட்டும் செய்ய வேண்டாம். எழுத்து பெரிதாகும், ஆனால் கலங்கிப்போகும். தமிழில் அப்போது முதலில் கரைவது புள்ளி. 'கல்' 'கல' ஆகும். ண எது, ன எது என்று கண் தடுமாறும். ரெசல்யூஷனை அதற்குரிய அளவிலேயே விட்டுவிட்டு, டிஸ்பிளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்பதைக் கூட்டுங்கள்.

எவ்வளவு கூட்டலாம் என்பது திரையைப் பொறுத்தது. கண்டியில் கைமாறும் பழைய மடிகணினிகளில் 1366×768 திரை இன்னும் உண்டு. அதில் 125 சதவீதம் போதும். 150 வைத்தால் சில பெட்டிகளின் 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். 1920×1080 திரை 150ஐத் தாராளமாகத் தாங்கும். மெனுக்களும் ஐகன் பெயர்களும் மட்டுமே சிரமம் என்றால் ஸ்கேலைத் தொடாதீர்கள். விண்டோஸ் 11இல் 'அக்சசிபிலிட்டி' பகுதியிலுள்ள 'டெக்ஸ்ட் சைஸ்' 225 சதவீதம் வரை போகும். இணையப் பக்கம் மட்டும் என்றால் கண்ட்ரோலும் பிளஸும். பழைய அளவுக்குத் திரும்பக் கண்ட்ரோலும் பூச்சியமும்.

இவையெல்லாம் எழுத்து எழுத்தாகவே இருக்கும்போது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நூலகம் மின்னூலகத்தில் பழைய 'மல்லிகை' இதழைத் திறந்தால் நிலைமை வேறு. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து காத்துவருகிறது. அதில் திறக்கும் பிடிஎஃப் பெரும்பாலும் பக்கத்தின் படம். டெக்ஸ்ட் சைஸ் அதை அசைக்காது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைத் தரும் கான்ட்ராஸ்ட் தீமும் படத்தை அப்படியே விட்டுவிடும். வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

அங்கே கைகொடுப்பது மேக்னிஃபையர். விண்டோஸ் விசையோடு பிளஸ் அழுத்தினால் திறக்கும், அதே விசையோடு எஸ்கேப் அழுத்தினால் மூடும். அது ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் நிறம் தலைகீழாகும். மஞ்சளேறிய தாளும் கருநீலமாகி எழுத்து வெளிச்சமாக எழும். மேக்னிஃபையரின் மூன்று காட்சிகளில் 'லென்ஸ்' பார்க்க அழகு, வாசிக்கத் தொல்லை: வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடியே களைத்துவிடுவோம். திரையின் மேற்பகுதியில் நிலையாக நிற்கும் 'டாக்ட்' காட்சியே நீண்ட வாசிப்புக்கு ஏற்றது என்பேன். நிறம் மாற்றத் தேவையில்லை, பெரிதானால் போதும் என்றால் பிடிஎஃப் செயலியின் சொந்த ஜூமே போதுமானது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பாமினி. கொமியூனிகேஷன் கடைகளில் தட்டச்சாகும் வினாத்தாளும் விண்ணப்பமும் இன்னும் அந்த எழுத்துருவில் வருவதுண்டு. பெரிதாக்கினால் கூர்மையாகவே தெரியும், ஆனால் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் வரிசை. பார்வையற்றவர் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பானில் கேட்டால் பொருளற்ற ஓசைதான் வரும். தமிழ் ஆசிரியர்களும் அலுவலகங்களும் யூனிகோடில் தட்டச்சு செய்தால், வாசிக்கத் துடிக்கும் ஒருவருக்குக் கதவு திறக்கும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன.

ஸ்கேன் பக்கத்துக்கும் வழி உண்டு. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருக்கும் தமிழை எழுத்தாக்கித் தரும். அதன்பிறகு அளவு, நிறம், குரல் எதையும் விருப்பம்போல் மாற்றலாம். ஆனால் பழைய வடிவ 'லை', 'ணை', 'றா' உள்ள அச்சில் அது அதிகம் பிழைவிடும். மேற்கோள் எடுக்கும்முன் மூலப் பக்கத்தை மேக்னிஃபையரில் ஒருதரம் ஒப்பிட்டுவிடுங்கள்.