கடுகும் பூசணிக்காயும்

கடுகு போகிற இடத்தை ஆராய்கிறவர்களுக்குப் பூசணிக்காய் போகிற இடம் தெரியாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூரில் குடும்பச் செலவைச் சுருக்க நாம் படும் பாட்டைப் பார்த்தால், அந்தப் பழமொழி இங்கேதான் பிறந்ததோ என்று தோன்றும். பொருள், சேவை வரி 2023 தொடக்கத்தில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, அடுத்த ஆண்டே 9. மளிகை, தண்ணீர், பள்ளி வேன் எல்லாம் ஏற ஏற, சிக்கன யோசனைகளும் வீட்டுக்கு வீடு பெருகிவிட்டன. பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை, மீதி மாமியார் வழி வந்தவை. சிலவற்றை டோபி காட்டிலிருந்து தேக்கா வரை நடந்தபடியே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

"பஸ், ரயில் என்று மாறி மாறிப் போனால் காசு கூடும்"

டோபி காட்டில் சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. ஊதாத் தடத்தில் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. அப்படியிருந்தும், தேக்காச் சந்தைக்கு வரும் மூத்தவர்கள் பலர் வீட்டு வாசலில் ஏறிய பேருந்தை விட்டு இறங்க மாட்டார்கள். "இறங்கி ஏறுனா மறுபடி தட்டணும், மறுபடி காசு போகும்" என்பது அவர்கள் கணக்கு. அது பழைய கணக்கு. 2010 ஜூலை 3 முதல் கட்டணம் பயணத்தின் மொத்தத் தூரத்துக்குத்தான். இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். ஒரு வண்டியிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறினால் போதும், புதிதாக ஏற்றக் கட்டணம் விழாது. 2018 இறுதியிலிருந்து, ஒரு ரயில் நிலையத்தில் வெளியே வந்து 15 நிமிடத்துக்குள் வேறொரு நிலையத்தில் நுழைந்தாலும் அது தொடர்ச்சியான பயணம்தான். டோபி காட்டில் இறங்கி பென்கூலனுக்கு நடந்து நீலத் தடத்தைப் பிடிக்கிறவர்கள் தாராளமாக நடக்கலாம்.

உண்மையான மிச்சம் காலை வேளையில் இருக்கிறது. வேலை நாளில் 7.45 மணிக்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டினால் 50 காசு வரை குறையும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் மாதம் 22 வெள்ளி வரை நிற்கும். இதைச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது.

"லைட்டை அணை, சார்ஜரைப் பிடுங்கு, கரண்டு பில் குறையும்"

அப்பாக்களின் பிரியமான வசனம் இது. மின்சாரம் வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு காசில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கைப்பேசி சார்ஜரைச் சும்மா செருகி வைத்தால் அது இழுப்பது 0.2 வாட் அளவுதான். ஆண்டு முழுக்க விட்டுவைத்தாலும் 50 காசைச் சுற்றித்தான் வரும். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் செட்-டாப் பெட்டி வேறு ரகம். அது 10 வாட் இழுக்கிறது என்றால் ஆண்டுக்கு 26 வெள்ளி.

விளக்கை அணைக்கச் சொல்லிக் கூடத்தில் சத்தம் போடும் அதே நேரத்தில், படுக்கையறைக் குளிரூட்டி 21 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். சராசரியாக 700 வாட் இழுக்கும் குளிரூட்டி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 1 வெள்ளி 68 காசு. மாதத்துக்கு 50 வெள்ளி, அதுவும் ஓர் அறைக்கு மட்டும். 50 வாட் மின்விசிறி அதே எட்டு மணி நேரத்துக்குக் கேட்பது 12 காசு. குளிரூட்டியை 25 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியையும் சுழலவிடச் சொல்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அதைச் செய்கிற வீட்டில் ஒரு விளக்கு கூடுதலாக எரிந்தால் குடி முழுகாது.

அடுத்த பூசணிக்காய், துணி உலர்த்தும் இயந்திரம். ஒரு தடவைக்கு இரண்டரை யூனிட் என்றால் 75 காசு. வாரத்துக்கு ஐந்து தடவை ஓட்டுகிற வீட்டில் மாதம் 15 வெள்ளியைத் தாண்டும். 19ஆம் நூற்றாண்டில், இன்று டோபி காட் நிலையம் இருக்கும் வட்டாரத்தில், சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் வெயிலில் காயப்போட்டார்கள். ஓடை பிற்பாடு கால்வாயாகிப் பூமிக்குள் போய்விட்டது. வெயில் எங்கேயும் போகவில்லை. வீவக வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டுவதை நாகரிகக் குறைவாக நினைக்கிறவர்கள் மாதம் 15 வெள்ளி நாகரிக வரி கட்டுகிறார்கள். துவைக்கும்போது வெந்நீரைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். இயந்திரம் உருளையைச் சுழற்றச் செலவழிக்கும் மின்சாரத்தைவிடத் தண்ணீரைச் சூடாக்கச் செலவழிப்பது அதிகம். அலுவலகச் சட்டைக்கும் பள்ளிச் சீருடைக்கும் குழாய்த் தண்ணீர் போதும்.

குளியலையும் விட முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு, பொருள் சேவை வரி இல்லாமலே, 3 வெள்ளி 24 காசு. நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் பூங்குழாயின் கீழ் நால்வரும் நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் குறைத்து நின்றால் மாதம் 17 வெள்ளிக்கு மேல் மிச்சம். வெந்நீர் என்றால் இன்னும் கூடும். பழைய குளிர்பதனப் பெட்டியையோ பூங்குழாயையோ மாற்ற நினைக்கும் வீவக வீட்டுக் குடும்பங்களுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, 2025-இல் மேலும் 100 வெள்ளி மதிப்பில் பற்றுச்சீட்டுகள் வந்தன. வாங்கிவிட்டு மறந்தவர்கள் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

"நகை வாங்கினால் அது சேமிப்பு"

சிராங்கூன் சாலையில் நின்றுகொண்டு இதை மறுத்துப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஒரு கணக்கு: தங்கத்தின் மதிப்பு 3,000 வெள்ளி உள்ள சங்கிலி. செய்கூலி பத்து விழுக்காடு என்றால் 300. மொத்தத்துக்கும் 9 விழுக்காடு வரி 297. ஆக 3,597 வெள்ளி கொடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறோம். மறுநாளே விற்கப் போனால் செய்கூலியும் வராது, வரியும் வராது, கடைக்காரர் வாங்கும் விலையும் விற்கும் விலைக்குக் கீழேதான். தங்கம் ஏறத்தாழ 20 விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணமே கைக்கு வரும்.

முதலீட்டுக்கென்று விற்கப்படும் தங்கத்துக்கு 2012 அக்டோபரிலிருந்து பொருள் சேவை வரி கிடையாது. ஆனால் அது குறைந்தது 99.5 விழுக்காடு சுத்தமான தங்கமாக இருக்க வேண்டும். நம் 916 நகை அந்தக் கணக்கில் வராது. ஆசைக்கு வாங்குங்கள், பெண்ணுக்கு வாங்குங்கள், தீபாவளிக்கு வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. அதைச் சேமிப்புப் பட்டியலில் எழுதுவதில்தான் தப்பு. மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போட்டு வைக்க, 500 வெள்ளியிலிருந்தே வாங்கக்கூடிய சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் இருக்கிறது. எந்த மாதம் திருப்பிக் கொடுத்தாலும் அபராதம் இல்லை. சீட்டுதான் பழக்கம் என்பவர்கள், 1973-இல் ஜெமினி சீட்டு நிறுவனம் மூழ்கிய கதையை வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

"அடகுக் கடைக்குப் போவது கௌரவக் குறைச்சல்"

பள்ளி திறக்கும் மாதம், ஊரில் திடீர்ச் சாவு, வேலை போன இடைவெளி: எந்தச் சிக்கனமும் உதவாத நேரங்கள் வரும். ஆயிரம் வெள்ளி ஆறு மாதத்துக்குத் தேவை என்று வையுங்கள். அடகுக் கடை சட்டப்படி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு அதிகம் போனால் 90 வெள்ளி. கடன்பற்று அட்டையில் ஆண்டு வட்டி 25 விழுக்காட்டைத் தாண்டும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று அட்டைச் சீட்டில் போட்டிருப்பது வங்கிக்குப் போதும் என்ற பொருளில்தான். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வாங்கலாம், அதோடு கடன் தொகையில் பத்து விழுக்காடு வரை கட்டணமும் எடுக்கலாம். ஆறு தவணையில் அடைத்தாலும் வட்டி 145, கட்டணம் 100 என்று 245 வெள்ளி வரை போகும்.

பீரோவில் வளையல் தூங்க, அதன் சொந்தக்காரர் அட்டைக்கு வட்டி கட்டுவது நம்மிடையே அதிகம். காரணம், அட்டையை யாரும் பார்ப்பதில்லை, அடகுக் கடை வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார். வாட்ஸ்அப்பில் "உடனடிக் கடன்" என்று வரும் செய்தி மட்டும் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அழித்துவிடுங்கள். உரிமம் உள்ளவர்களுக்கு அப்படி ஆள் பிடிக்க அனுமதியே இல்லை. அந்தப் பக்கம் இருப்பது உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்.

"கமிஷன் இல்லாமல் அனுப்புகிறோம்"

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்பும் கடைகளின் வரிசைகளைப் பார்த்தால் எந்தப் பலகை கூட்டத்தை இழுக்கிறது என்று தெரியும். கமிஷன் இல்லை என்கிற பலகைக்குக் கீழே மாற்று விகிதம் எழுதியிருக்கும், ஆதாயம் அதில் உட்கார்ந்திருக்கும். ஒரு வெள்ளிக்கு 40 பைசா குறைவாகக் கொடுத்தால், ஆயிரம் வெள்ளி அனுப்பும்போது ஊரில் 400 ரூபாய் குறையும். ஐந்து வெள்ளி கமிஷன் வாங்கி நல்ல விகிதம் தருகிற கடை அதைவிட மேல். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "நான் இவ்வளவு கொடுத்தால் அம்மா கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" 2023 பிப்ரவரி 21 முதல் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன. திட்டத்தில் சேர்ந்த வங்கிகளில் கணக்கு இருந்தால் நாளுக்கு 1,000 வெள்ளி வரை கைப்பேசியிலேயே அனுப்பலாம். அங்கும் விகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

"மூட்டையாக வாங்கினால் மலிவு"

பல நேரம் சரி, எப்போதும் சரியில்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது பொன்னியையும் இட்லி அரிசியையும் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. பிறகு சிங்கப்பூருக்குத் தனி அனுமதி வந்தது, 2024 செப்டம்பரில் தடையே போயிற்று. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் அரிசியில் வண்டு வந்துவிடும். பேரங்காடியில் விலைச் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். பெரிய பொட்டலம் சிறியதைவிட விலை கூடுதலாக இருப்பதும் உண்டு. பயனீட்டாளர் சங்கத்தின் பிரைஸ் காக்கி செயலியில் கடைக்குக் கடை விலையை ஒப்பிடலாம். கீரை, முருங்கைக்காய், கத்தரிக்காய்க்குத் தேக்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் பிறகு வாங்குவதே நல்லது.

"வெளியில் சாப்பிடுவதுதான் வீண் செலவு"

நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் சமையல்தான் வெல்லும், சந்தேகமே இல்லை. தனியாக இருக்கும் ஒருவர், அதுவும் எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவர், வாங்கிய காய்கறியில் பாதியைக் குப்பையில் போடுகிறார் என்றால் அவர் கணக்கு வேறு. வீவகவிடம் புதிதாக வாடகைக்கு எடுத்த காப்பிக்கடைகளில் மலிவு விலை உணவு வைக்க வேண்டும் என்ற நிபந்தனை 2018-இல் வந்தது. மூன்றரை வெள்ளியை ஒட்டிய விலையில் சோறும் கறியும் கிடைக்கும். எந்தக் கடையில் என்பதை பட்ஜெட் மீல் கோவேர் தளத்தில் தேடலாம். செலவைப் பெரும்பாலும் ஏற்றுவது சோறு அல்ல, கூடவே வாங்கும் பானம்.

"ஜோகூருக்கு ஒரு நடை போனால் மாதச் செலவு பாதி"

48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்குமேல் உள்ள பொருளுக்குப் பொருள் சேவை வரி கட்ட வேண்டும். வேலை அனுமதி அட்டை, நீண்டகால வருகை அட்டை வைத்திருப்போருக்கு அந்த 100 வெள்ளிச் சலுகையும் இல்லை. காரில் போகிறவர்கள் முக்கால் தொட்டி பெட்ரோலோடுதான் புறப்பட வேண்டும். மருந்து, மளிகை என்று பட்டியலோடு போய்ப் பட்டியலோடு திரும்புகிறவர்களுக்கு இலாபம்தான். அப்படித் திரும்புகிறவர்கள் குறைவு.

"பற்றுச்சீட்டு சும்மா வந்த பணம்தானே"

2025-இல் ஜனவரியில் 300, மே மாதத்தில் 500 என்று சிடிசி பற்றுச்சீட்டுகள் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வந்தன. பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைக்கும். அரிசி, எண்ணெய், பருப்புக்கு அதைப் பயன்படுத்தி, அந்த மாதம் கையிலிருந்து போகாத பணத்தைத் தனியாக எடுத்து வைத்தவர்களுக்குத்தான் அது 800 வெள்ளி. மற்றவர்களுக்கு அது இரண்டு நல்ல சாப்பாடும் கொஞ்சம் ஐஸ்கிரீமும்.

"பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனாலே நூறு வெள்ளி"

பிளாசா சிங்கப்பூராவுக்குள் நுழைந்தால் ஆகத்தான் செய்யும். அதே டோபி காட்டிலிருந்து சில நிமிட நடையில் தேசிய அரும்பொருளகம். 2013 மே முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே நிரந்தரக் கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையமும் அவர்களுக்கு இலவசம். ஃபோர்ட் கேனிங் பூங்கா எல்லோருக்கும் இலவசம். தீபாவளியை ஒட்டி இஸ்தானா திறந்திருக்கும் நாளில் பிளாசா சிங்கப்பூராவுக்குப் பக்கத்து வாசல் வழியாகவே அதிபரின் புல்வெளிக்குப் போகலாம். சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், ஏனென்றால் வெளியே வந்ததும் தாகத்துக்கு வாங்குகிற கரும்புச் சாறு ஆர்ச்சர்ட் ரோடு விலையில்தான் இருக்கும்.