விழுந்த வண்டியை எழுப்பிய பிறகு



இந்த மாதப் பாடம் வண்டியைப் பற்றியது. "வண்டி வேலை ஆம்பளைங்க வேலை, அது நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். ஓட்டுவது நாம். விழுவது நாம். ரிப்பேருக்குக் குழுவில் கடன் கேட்பதும் நாம். அப்படியிருக்க, மெக்கானிக் சொல்வதில் எது சரி, எது கூடுதல் என்று மட்டும் தெரியாமல் இருப்பானேன்?

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்தார்கள். அன்று சைக்கிள் என்றால் இன்று எக்ஸ்.எல்., ஸ்கூட்டி, வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன பழைய ஸ்பிளெண்டர். 2018-இல் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் மானியத்தோடு வாங்கிய வண்டிகளும் இப்போது பழசாகிவிட்டன.

அடி அண்ணாமலைப் பக்கம் பால் ஊற்றும் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வண்டி, இரண்டாம் கையாக வாங்கிய எக்ஸ்.எல். சூப்பர். விடியற்காலை இரண்டு கேனோடு கிரிவலப் பாதையில் வரும்போது நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்ததும் வண்டி இடது பக்கம் சரிந்தது. முழங்கால் தேய்ந்தது, பால் போயிற்று. அங்கிருந்த இரண்டு பேர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரத்தைக் காலால் ஒரு உதை விட்டு, "ஹேண்டில் நேராயிடுச்சு, போங்க அக்கா" என்று அனுப்பிவிட்டார்கள். வண்டி ஓடியது. ஓடுகிறது என்றாலே சரியாக இருக்கிறது என்று நினைப்பதுதான் நம் பழக்கம். இரண்டு வாரம் கழித்து முன் டயர் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பித்தது. கேன் ஏற்றினால் வண்டி இடது பக்கம் இழுத்தது. ஹேண்டிலை முழுசாக வலப்பக்கம் திருப்பினால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் சத்தம் ஏறியது. மறுபடி விழ எல்லாம் தயாராக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

விழுந்தவுடன்

முதலில் ஆள், பிறகுதான் வண்டி. தலையில் அடி, மயக்கம், வாந்தி இருந்தால் "கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்" என்று இருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்காக 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்துள்ள மருத்துவமனையா என்று கேட்டுச் சேருங்கள். தரையில் மோதிய ஹெல்மெட்டைத் திரும்பவும் போடாதீர்கள். வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.

வண்டியை நிமிர்த்தியதும் சாவியை ஆஃப் செய்து, பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் உடனே கிக் அடிக்க வேண்டாம். படுத்த வண்டியில் பெட்ரோல் எஞ்சினுக்குள் அதிகம் இறங்கியிருக்கும், பத்து நிமிடம் விட்டால் வடியும். எக்ஸ்.எல். சூப்பர் டூ ஸ்ட்ரோக் வண்டி, ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகும். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100-ம், ஸ்பிளெண்டரும் ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயில் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே எஞ்சின் ஜாம் ஆகிவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் மற்ற செலவெல்லாம் ஒன்றுமில்லை.

வளைவு எங்கே இருக்கிறது?

கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கும் அதே வேலைதான். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நீளமான நூலைப் பின் டயரின் பின்புறம் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமாக முன்னே இழுத்துப் பிடியுங்கள். ஸ்டாண்டும் சைலன்சரும் இடிக்காத உயரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நூலைப் பிடிக்க, இன்னொருவர் ஹேண்டிலை நேராக வைக்க வேண்டும். நூல் பின் டயரின் முன் ஓரம், பின் ஓரம் இரண்டையும் தொட்டுக்கொண்டு வரட்டும். முன் டயருக்கு வரும்போது இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஒரு பக்கம் உரசி மறுபக்கம் விலகினால் கோளாறு இருக்கிறது. முதலில் பின் சக்கரத்தைப் பாருங்கள். செயினை இழுக்கும் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும். இடதில் மூன்றாவது கோடு என்றால் வலதிலும் மூன்றாவது கோட்டில்தான் நிற்க வேண்டும். பாதிப் பேருக்கு இதுவே தவறாக இருக்கிறது, விழாத வண்டியிலும்கூட.

சக்கரம் நேராக இருந்தும் ஹேண்டில் மட்டும் கோணலாக இருந்தால் பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது, பிடியில் திருகியிருக்கும். மெக்கானிக் செய்வது இதுதான்: ஹேண்டிலையும் ஃபோர்க்கையும் பிடிக்கும் போல்டுகளைத் தளர்த்தி, முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, ஹேண்டிலைத் திருப்பி நேராக்கி, மறுபடி முடுக்குவார். இது கால் மணி நேர வேலை. காலால் உதைத்து நேராக்குவதில் கண்ணுக்கு நேராகிறது, உள்ளே திருகல் அப்படியே நிற்கிறது.

ஃபோர்க் குழாயே வளைந்திருந்தால் வேறு விஷயம். வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கரம் எஞ்சின் பக்கம் உள்வாங்கித் தெரிகிறதா? ஹேண்டிலை முன்னுக்கு அழுத்தி விட்டால் மெத்தென்று இறங்கி ஏறாமல் பாதியில் பிடிக்கிறதா? லேசான வளைவைப் பிரஸ்ஸில் வைத்து எடுத்துத் தருவார்கள். மடிப்பு விழுந்த குழாயை எடுக்கவே கூடாது, மாற்ற வேண்டும்.

அடுத்தது கோன் செட். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் குண்டுகள். முன் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஹேண்டிலை மெல்ல இடதும் வலதும் திருப்புங்கள். நடுவில் வரும்போது 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் உட்காருகிற மாதிரி இருந்தால் மோதலில் கிண்ணத்தில் தடம் விழுந்திருக்கிறது. டைட் வைத்தால் போகாது, செட்டாக மாற்ற வேண்டும்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஓரமாக ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பிடியுங்கள். எந்த இடத்தில் கோடு விழுகிறதோ அங்கே கோட்டம். சந்தையில் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறோமே, அதுபோல ஒவ்வொரு போக்ஸ் கம்பியையும் ஸ்பேனரால் தட்டுங்கள். 'டிங்' என்றால் இறுக்கம். 'தொப்' என்றால் தளர்ந்துவிட்டது. கேன் ஏற்றும் வண்டியில் இரண்டு கம்பி தளர்ந்தாலே பாரம் மற்ற கம்பிகள் மேல் விழுந்து, அவையும் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். கோட்டம் எடுப்பதைப் பழகிய கையிடம் விடுங்கள், நாம் கண்டுபிடித்துச் சொன்னால் போதும்.

பிரேக்கும் ஆக்சிலேட்டரும்

வளைந்த பிரேக் லீவரை வீட்டில் சுத்தியால் தட்டி நேராக்கும் பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது வார்ப்பு அலுமினியம். தட்டும்போது உடையாவிட்டாலும் உள்ளே கீறல் விட்டு, அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது கையோடு வரும். புது லீவர் விலை அதிகமில்லை. காலால் மிதிக்கும் பிரேக் உள்ள வண்டியில் பெடல் உள்ளே மடங்கி எஞ்சினில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் அட்ஜஸ்ட் செய்வது நாமே செய்யக் கூடியது. சக்கரத்தின் பக்கம் பிரேக் கேபிளோ கம்பியோ வந்து சேரும் முனையில் ஒரு நட் இருக்கும். அதை வலது பக்கம் திருகினால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும். கை லீவர் நுனி அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வெறுமனே நகர்ந்து, அதன் பிறகு பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். நகராமலே பிடித்தால் டிரம் சூடாகும், பெட்ரோலும் குடிக்கும். திருகிய பின் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், உரசாமல் சுற்ற வேண்டும். நட்டைக் கடைசி வரை திருகியும் பிடிக்கவில்லை என்றால் லைனிங் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் ஸ்பேனருக்கு வேலை இல்லை.

செயினை நடுவில் விரலால் மேலே தூக்கி, கீழே அழுத்துங்கள். மொத்தம் ஒரு அங்குலத்துக்குள் ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். செயின் கவர் நசுங்கி உரசுகிறதா என்றும் பாருங்கள். சேலைத் தலைப்பு செயினில் மாட்டாமல் காப்பது அந்தக் கவர்தான். "சத்தம் வருது, கழட்டிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நம் பால்கார உறுப்பினருக்கு மிகவும் ஆபத்தாக இருந்தது ஆக்சிலேட்டர் கேபிள்தான். விழுந்தபோது கேபிள் இடம் மாறி ஹேண்டிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. எஞ்சின் ஓடும்போது ஸ்டாண்டில் வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், சத்தம் மாறக் கூடாது. முறுக்கி விட்டால் பிடி தானாகத் திரும்பி வர வேண்டும். இந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம். இதைச் செய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கவே கூடாது.

கடையில் பேசும்போது

அந்த உறுப்பினரிடம் முதல் கடையில் வாயால் ஒரு தொகை சொன்னார்கள். குழுக் கூட்டத்தில் கடன் கேட்டபோது, "எதுக்கு எவ்வளவுன்னு எழுதி வாங்கிட்டு வா" என்று ஊக்குநர் திருப்பி அனுப்பினார். கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனால் எழுதச் சொன்னதும் எஞ்சின் வேலை பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று, கோன் செட், லீவர், கேபிள், கோட்டம் எடுக்கும் கூலி மட்டும் மிஞ்சியது. தொகை பாதிக்குக் கொஞ்சம் மேல். மெக்கானிக்குகள் எல்லோரையும் நாங்கள் குறை சொல்லவில்லை, வாயால் சொல்லும் தொகை எப்போதும் குண்டாகத்தான் இருக்கும். பொருள் வேறு, கூலி வேறு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். புதுப் பொருளின் பாக்கெட்டில் அச்சிட்ட விலையைப் பாருங்கள். கழற்றிய பழைய பொருளை ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

ஹேண்டில் குழாய்க்குக் கீழே, சேஸில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். "வெல்டிங் வச்சுடலாம்" என்பார்கள். நெரிந்த சேஸுக்கு வெல்டிங் வைத்து அதன் மேல் பால் கேனும் பிள்ளையும் ஏற்றுவதற்குக் குழுக் கடன் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. அந்தப் பணத்தை வேறு வண்டிக்கு முன்பணமாகக் கொடுக்கலாம்.

ஆர்.சி. யார் பெயரில்?

பழைய வண்டிக்கு நாம் எடுப்பது பெரும்பாலும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். நம் வண்டி யார் மேலாவது மோதினால் அவர்களுக்குத்தான் அது பணம் தரும், நம் வண்டி ரிப்பேருக்குத் தராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, அவர்கள் ஆள் வந்து பார்க்கும் வரை வண்டியைத் தொடாதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டாம் கையாக வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. விற்றவர் தலையிலும் சுமை, வாங்கிய நம் கையிலும் ஒன்றுமில்லை. வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ஆர்.சி.க்கு 15 வருடம்தான் ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதினாறு வயசுப் பையன் "நான் பால் ஊத்திட்டு வரேன்மா" என்றால் மனசு இளகும்தான். ஆனால் 2019 சட்டத் திருத்தத்தின்படி அதற்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றவருக்கு.

வேலை முடிந்து வண்டி வந்ததும் முதலில் கேன் இல்லாமல், பௌர்ணமி கூட்டம் இல்லாத நாளில், மெதுவாக ஓட்டுங்கள். ஆள் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓடியதும் கழற்றி மாட்டிய போல்டுகளையும் போக்ஸ் கம்பிகளையும் மறுபடி ஒருமுறை டைட் பார்க்கச் சொல்லுங்கள், புதுக் கேபிள் கொஞ்சம் நீண்டிருக்கும், பிரேக் நட்டையும் திருக வேண்டியிருக்கும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வண்டியில் வருகிறவர்கள் நூலும் சாக்குக்கட்டியும் ஒரு ஸ்பேனரும் கொண்டு வாருங்கள், சேமிப்பு எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்போம்.