பழைய வண்டியைப் புதுக்குதல்

கடலை அடுத்த ஊர்களில் இரும்புக்கு வாழ்நாள் குறைவு. திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயிலுக்குக் கிழக்கேயுள்ள தெருக்களில் சன்னற்கம்பியைத் தொட்டால் விரலில் செந்துகள் படியும். காற்றில் வரும் உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பின்மேல் நிறுத்துவதால் துரு விரைந்து பரவுகின்றது. இத்தகைய ஊரில், மாடிப்படியின் கீழ்ப் பல்லாண்டு கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டிலேயே செப்பனிட்டு ஓடச்செய்தல் எளிய செயலன்று. எனினும் அதனை விரும்பி மேற்கொள்வோர் சென்னையில் உளர்.

அவர்கள் கைக்கு வரும் வண்டிகளுள் இந்நகருக்கே உரியது ‘புல்லட்’ ஆகும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த அது, 1955-இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தோன்றியபின் திருவொற்றியூருக்குக் குடிவந்தது. தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பொருத்தப்பட்டன. நாளடைவில் உறுப்புகளும் இங்கேயே உருவாயின. 1970-இல் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் தன் உற்பத்தியை நிறுத்தியது. சேயோ திருவொற்றியூரில் தொடர்ந்து வளர்ந்தது.

புதுக்க முனைபவர் முதலில் எடுக்கவேண்டியது ஸ்பேனர் அன்று, எழுதுகோல். எந்தத் திருகு எங்கிருந்தது, எந்தக் கம்பி எவ்வழிச் சென்றது என்பனவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே கழற்றத் தொடங்குதல் வேண்டும். கழற்றுவதற்கு ஒரு நாள் போதும். திரும்பப் பூட்டுவதற்கு ஓராண்டும் ஆகலாம். அதற்குள் நினைவு மங்கிவிடும்.

நெடுங்காலம் அசையாதிருந்த இயந்திரத்தில் பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. பொறுமையற்றோர் அதனைச் சுத்தியால் அடித்து உடைத்துவிடுவர். அறிந்தவரோ பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிடுவர். பின்னர் மேல் கியரில் இட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பர். மயிரிழை அளவு நகர்ந்தாலும் அன்றைய உழைப்பு வீணன்று. சிலிண்டர் தேய்ந்திருப்பின் பட்டறையில் கொடுத்துச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர்.

இவ்வியந்திரத்தின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். உருளையின் கனஅளவைக் காணும் முறையைக் கற்ற மாணவர் இவற்றிலிருந்து 346 கன சென்டிமீட்டர் என்னும் விடையைத் தாமே பெறலாம். அதனையே கடைக்காரர் முழு எண்ணாக்கி 350 என்பர்.

உறுப்பொன்று கிட்டாதபோது புதுப்பேட்டைக் கடைகளுக்குச் செல்வது வழக்கம். அங்கேதான் உண்மையான சோதனை காத்திருக்கின்றது. துருப்பிடித்த பழைய இயந்திரத்தோடு போராடுவானேன், நல்ல நிலையிலுள்ள வேறோர் இயந்திரத்தை வாங்கிப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். வேலை விரைவில் முடியும் என்பது மெய்யே. ஆனால் வண்டி அவ்வண்டியாக இராது. இயந்திரத்தின் உடலில் பொறித்த எண்ணும், சட்டகத்தில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். துருவைத் தேய்க்கும் ஆர்வத்தில் அவ்வெண்ணையே உப்புத்தாளால் அழித்துவிடுவோரும் உண்டு!

இது வெறும் பற்றின்பாற்பட்டதன்று. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிந்துகொள்ள 2021-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. சட்டகத்திலோ உடலிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு அவ்வுரிமை இல்லை. பதிவுபெற்ற வண்டியும் நாள்தோறும் தெருவில் ஓடுவதற்கன்று. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கே உரியது.

எல்லாம் பூட்டியபின் இயந்திரத்தை எழுப்புதலிலும் ஒரு முறை உண்டு. மின்பொறி பிறக்கும் தொடுமுனைகளின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் படிந்த அழுக்கே வண்டியை ஊமையாக்க வல்லது. அதனைத் துடைத்து, மின்னோட்டமானியின் முள் நடுவே வந்து நிற்கும்வரை மிதியை மெல்ல அழுத்துவர். பின்னர் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே கடத்திவிட்டு, மிதியை மேலே வரவிட்டு ஓங்கி உதைப்பர். இம்முறை தெரியாமல் உதைத்தவரை மிதி திருப்பி உதைக்கும்.