வராத தாயைத் தேடும் கணினி முகவர்

விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் பெயர் வாசிக்கும்போது ஒருவர் குரல் கொடுக்காவிட்டால், அவருடைய மரங்கள் அன்று வெட்டப்படமாட்டா என்பது உடனே தெரிந்துவிடுகிறது. வராதவர் எங்கே என்று தண்டலும் விசாரிக்கத் தொடங்குகிறார். கர்ப்பிணித் தாய் ஒருவர் கிளினிக்குக்கு வரவேண்டிய நாளில் வரவில்லையென்றால், அதை அதே வேகத்தில் கவனிப்பவர் யார்? தவறிய தாய்மாரின் வீடு தேடிச் சென்று விசாரிக்கும் நல்வழக்கம் நம் நாட்டுத் தாதியரிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயினும், வந்து காத்திருப்போரைக் கவனிப்பதற்கே பொழுது போதாத நாள்களில், வராதவரின் அட்டையைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடைப்பது அரிது. இவ்விடத்தில் கணினி எவ்வாறு துணை நிற்கக்கூடும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

1950ஆம் ஆண்டளவில் மலாயாவில் ஓர் இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால், 500க்கு மேற்பட்ட தாய்மார்கள் கர்ப்பத்தாலும் பேற்றாலும் மாண்டனர். 2010ஆம் ஆண்டளவில் இவ்வெண்ணிக்கை 30க்கும் கீழ் இறங்கியது. கோவிட்-19 பரவிய 2021இல் அது மீண்டும் உயர்ந்தது வேதனைக்குரியது. இடைப்பட்ட காலத்தில் இத்தனை உயிர்களைக் காத்தவை கிராமந்தோறும் அமைந்த கிளினிக்குகள், பயிற்சி பெற்ற மருத்துவச்சியர், தவறாத பரிசோதனை ஆகியவையே. தாயின் பதிவுப் புத்தகத்தில் ஒட்டப்படும் நிற அடையாளமும் இவ்வேற்பாட்டில் ஒன்றாகும். வெள்ளை என்றால் ஆபத்துக் குறைவு. பச்சை, மஞ்சள் என்று கவனம் கூடிக்கொண்டே போகும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. எழுத்தறியாத தாயும் தன் நிலையை நிறத்தைக் கொண்டே அறியலாம்.

ஆனால் நிறத்தை மாற்றவேண்டிய வேளை வந்துவிட்டது என்பதை யாரேனும் கண்டுகொள்ளவேண்டுமே! அதற்கு உதவுவதே மென்பொருள் முகவர். முகவர் என்றதும் காப்புறுதி விற்க லயத்துக்கு வருபவரின் நினைவு வரக்கூடும். அவ்வொப்புமை முற்றிலும் பொருந்தாததன்று. நாம் கூப்பிடாமலே அவர் வருகிறார் அல்லவா? சாதாரணக் கணினி நிரல், ஒருவர் கட்டளையிட்டால்தான் வேலை செய்யும். முகவர் என்னும் நிரலோ, ஒப்படைக்கப்பட்ட ஒரு பொறுப்பை ஏற்று, பதிவேட்டை இரவும் பகலும் கண்காணித்து, வேளை வரும்போது தானாகவே செயற்படும். ஒரு முகவர் தேதிகளைக் கவனிக்கும். இன்னொன்று இரத்த அழுத்தம், எடை, இரத்தச் சத்து ஆகிய அளவுகளைக் கவனிக்கும். மற்றொன்று தாய்க்கும் தாதிக்கும் செய்தி அனுப்பும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு தாய்க்கு 16ஆம் வாரத்தில் இரத்த அழுத்தம் 108/68. 24ஆம் வாரத்தில் 118/76. 30ஆம் வாரத்தில் 132/86. கர்ப்பகாலத்தில் 140/90 என்பதே அபாய எல்லை. இம்மூன்று அளவுகளுள் எதுவும் அவ்வெல்லையைத் தொடவில்லை. அன்றன்றைய எண்ணை மட்டும் பார்ப்பவர் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கக்கூடும். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், படி ஏறிக்கொண்டிருப்பது புலப்படும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் அழுத்தம் ஓரளவு கூடுவது இயற்கையே. ஆயினும் சிறுநீரில் புரதம் கலந்து, கைகால் வீக்கமும் தலைவலியும் சேர்ந்தால், அது வலிப்புவரை கொண்டுபோய்விடும். நான்கு வாரம் கழித்து வரச் சொல்வதற்குப் பதிலாக ஒரு வாரத்தில் வரச் சொல்லலாமா என்று தாதியிடம் முகவர் கேட்கும். முடிவு செய்பவர் தாதியும் மருத்துவருமே. நோய் இன்னதென்று கூறும் அதிகாரம் முகவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது. மேலும், சிறு மாற்றத்துக்கெல்லாம் மணியடிக்கும் முகவரால் பயனில்லை. எதைக் கண்டாலும் குரைக்கும் நாயைத் திருடன் வந்த இரவிலும் எவரும் பொருட்படுத்தமாட்டார்.

இத்தகைய முயற்சி எங்கேனும் நடைமுறையில் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். மும்பையில் உண்டு. மருத்துவர் அபர்ணா ஹெக்டே 2008இல் நிறுவிய ‘அர்மான்’ என்னும் தொண்டு நிறுவனம், 2014இல் ‘எம்மித்ரா’ என்ற சேவையைத் தொடங்கியது. கர்ப்பிணிகளின் கைத்தொலைபேசிக்கு அவர்கள் மொழியிலேயே குரல் அழைப்பு வரும். அந்த மாதத்தில் எதை உண்ணவேண்டும், எப்போது பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்று எடுத்துரைக்கும். எழுத்துச் செய்தியை விடுத்துக் குரலைத் தேர்ந்தது அறிவுடைமை. படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். அழைப்பு எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதைத் தாயே தெரிவு செய்யலாம்.

நாளடைவில் பல தாய்மார்கள் அழைப்பைக் கேட்பதை நிறுத்திவிட்டனர். அவர்களை நேரில் அழைத்துப் பேச ஊழியர்கள் இருந்தனர். எல்லாரையும் அழைக்கும் அளவுக்கு இல்லை. யாரை முதலில் அழைப்பது? கூகுள் நிறுவன ஆய்வாளருடன் சேர்ந்து, கேட்கும் பழக்கத்தை ஆராய்ந்து, ஊழியரின் அழைப்பால் பயனடையக்கூடியவர் யார் என்று கணிக்கும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. ஏறக்குறைய 23,000 பெண்களிடையே ஏழு வாரம் அதைச் சோதித்தனர். மென்பொருள் காட்டிய பெண்களை ஊழியர்கள் அழைத்த பிரிவில், அழைப்பே இல்லாத பிரிவைவிடக் கேட்பதில் ஏற்பட்ட சரிவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. பட்டியல் வரிசைப்படி அழைத்த பிரிவிலோ குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. எத்தனை பேரை அழைத்தோம் என்பதைவிட யாரை அழைத்தோம் என்பதே பலனைத் தந்தது. அழைத்துப் பேசியவர் மனிதர் என்பதையும் மறக்கலாகாது.

தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு கர்ப்பமும் கணினியில் பதிவு செய்யப்பட்டு எண் வழங்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் 2014இல் தொடங்கிய ‘மாம்கனெக்ட்’, தாய்மார்கள் தங்கள் கேள்வியையும் குறையையும் திருப்பி அனுப்ப வழி செய்தது.

நம் நாட்டில், 2020இல் கோவிட்-19 தொற்றுக்காகத் தொடங்கப்பட்ட மைசெஜாத்ரா செயலியின் வழி இன்று அரசாங்கக் கிளினிக்குகளுக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம். எனினும் செயலி வேறு, முகவர் வேறு. செயலி நாம் திறக்கும்வரை காத்திருக்கும். முகவர் நம்மைத் தேடி வரும்.

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துக்கு அத்தகைய முகவர் வருமாயின், அது முதலில் சந்திக்கப்போகும் சிக்கல் முகவரிதான். அல்மா முதலிய இடங்களில் இருந்த பால்மரங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வழிவிட்டுவிட்டன. குடும்பங்கள் லயத்திலிருந்து அடுக்குமாடிக்குப் பெயர்ந்தாலும், பதிவேட்டில் பழைய முகவரியே நிற்கக்கூடும். முன்கட்டணத் தொலைபேசி அட்டை மாற்றப்பட்டால் எண்ணும் மாறிவிடும். வீட்டுக்கு ஒரே தொலைபேசி என்றால், தாய்க்கு வரும் செய்தியை மாமியாரோ மைத்துனரோ படிப்பர். தாம் கருவுற்றிருப்பதை இன்னும் எவரிடமும் சொல்லாத பெண்ணுக்கு இது பெரும் சங்கடம். எனவே, யாருடைய எண்ணைக் கொடுப்பது, எம்மொழியில் செய்தி வரவேண்டும் என்பவற்றைத் தாயிடமே கேட்டு எழுதுவதுதான் முறை. கிளினிக் நாளில் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையோ எந்தப் பதிவேட்டிலும் இராது; அதை முகவர் அறியாது. தோட்ட நிருவாகமும் குடும்பத்தினரும்தான் அதற்கு வழி காணவேண்டும்.

முகவர் வந்தாலும் வராவிட்டாலும், பதிவேட்டில் உண்மையான விவரம் இருப்பது தாயின் கையில் உள்ளது. மாதவிலக்குத் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள் முதல் பரிசோதனைக்குச் செல்லுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பேற்று நாளைக் கணக்கிடுவது அதைக்கொண்டே. முந்திய பேற்றில் அறுவையோ இரத்தப்போக்கோ ஏற்பட்டிருந்தால் மறைக்காமல் கூறுங்கள். எண் மாறினால், அடுத்த வருகையில் தாதியிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

28ஆம் வாரத்திலிருந்து குழந்தையின் அசைவை எண்ணிப் புத்தகத்தில் குறிக்குமாறு தாதியர் கூறுவர். காலை 9 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்குள் பத்து அசைவுகள் தெரியவேண்டும். மரம் வெட்டும் தாய்மார்கள், பத்துச் சிறு கற்களை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றியும் கணக்கு வைக்கலாம். பத்து நிறையாவிட்டாலோ, வழக்கத்தைவிட அசைவு குறைந்தாலோ, அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கடுந்தலைவலி, கண் மங்கல், இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல் ஆகியவற்றுக்கும் அவ்வாறே. புக்கிட் மெர்தாஜாமிலும் செபராங் ஜெயாவிலும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு; வாகனம் கிடைக்காவிட்டால் 999 எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரையும் நுழைவழியின் அடையாளத்தையும் கூறவேண்டும்.